கூலி நோட்டும் கோடு கச்சேரியும்

கண்ணபுரம் மாட்டுத்தாவணியில் ஒரு காங்கேயம் காளைக்கு விலை படிவதைப் பார்க்க நெடுநேரம் வேண்டியதில்லை. பல்லைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள், மயிலையா செவலையா காரியா என்று நிறம் பார்ப்பார்கள். பிறகு துண்டுக்கு அடியில் இரண்டு கைகள் விரல்களால் பேசிக்கொள்ளும். அதோடு விலை முடிந்தது. அதே காங்கேயத்தில், கரூர் ரோட்டில் லாரி மோதித் தேங்காய்க் களத்துத் தொழிலாளி ஒருவருக்குக் கை போய்விட்டால், அந்தக் கைக்கு என்ன மதிப்பு என்று சொல்ல வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாத அந்த இடத்தில்தான் விபத்து வழக்கு நடத்தும் வக்கீல் தேவைப்படுகிறார். கொங்கு நாட்டில் அவர் செய்வதையும், கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ ஒரு சட்டத்தரணி செய்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே தொழில்தானா என்று தோன்றும்.

இலங்கையின் விபத்து நட்டஈட்டுச் சட்டத்துக்கு வேர் மாட்டில்தான் இருக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ரோமில் இயற்றப்பட்டதாகச் சொல்லப்படும் அக்குவிலியச் சட்டத்தின் முதல் பகுதி, பிறருடைய அடிமையையோ நாற்கால் கால்நடையையோ அநியாயமாகக் கொன்றவன் அதற்கு முந்தைய ஓராண்டில் அதற்கு இருந்த உச்ச விலையைக் கொடுக்க வேண்டும் என்றது. பின்னால் வந்தவர்கள் அதை மனித உடலின் காயத்துக்கும் விரித்தார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் வழியாக அது ரோமன்-டச்சுச் சட்டமாகத் தீவுக்கு வந்தது. ஆங்கிலேயர் வந்த பிறகும் போகவில்லை. யாழ்ப்பாணத்தாரின் காணிக்கும் சீதனத்துக்கும் 1707இல் தொகுத்த தேசவழமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஏ-9 வீதியில் கால் முறிந்தவருக்கு இன்றும் ரோமன்-டச்சுச் சட்டம்தான்.

அதனால் என்ன ஆகிறது? இலங்கையில் விபத்துக்கென்று தனித் தீர்ப்பாயம் கிடையாது. காயம்பட்டவர் காணி வழக்குக்காரரோடும் கடன் வழக்குக்காரரோடும் ஒரே வரிசையில் மாவட்ட நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். சாரதியின் கவனயீனத்தைத் தானே நிரூபிக்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனாலும் சாரதிக்கும் உரிமையாளருக்கும் எதிராகத் தீர்ப்பு வாங்கிய பிறகே காப்புறுதி நிறுவனத்தின் பொறுப்பு முழுமையாகப் பிறக்கிறது. இந்தப் பாதையை வழக்குரைஞர் துணையில்லாமல் கடந்துவிடலாம் என்று நினைப்பவரை நான் கையைப் பிடித்து நிறுத்துவேன்.

இந்தியாவில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 1956இல் கொண்டுவந்த திருத்தம் விபத்துக் கோரிக்கைகளுக்குத் தனித் தீர்ப்பாயம் அமைக்க வழி செய்தது. இப்போதுள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 166ஆம் பிரிவில் மனுப் போடலாம். சுருக்கமான விசாரணை, குற்ற வழக்கில் கேட்கிற அளவு சாட்சியம் வேண்டாம், இன்சூரன்ஸ் கம்பெனி தொடக்கத்திலேயே எதிர்மனுதாரராக வந்து உட்கார்ந்துவிடும். மனுவை விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. காங்கேயம் அரிசி ஆலையில் வேலை செய்து, சைக்கிளில் போகும்போது அடிபட்டு இறந்த ஒடிசாத் தொழிலாளியின் மனைவி தான் வசிக்கும் ஊரிலிருந்தே வழக்குப் போடலாம். இதை அந்தப் பெண்ணுக்கு யார் சொல்கிறார்கள்? பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. சடலத்தோடு ஊருக்கு அனுப்பிவைப்பதோடு முடித்துக்கொள்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் இரண்டு கரைகளும் ஒன்றுதான். விபத்து நடந்த அன்றோ மறுநாளோ ஸ்டேஷன் வாசலில் ஒருவர் வருவார். இங்கே, "ஏனுங்க, கேசு கீசுன்னு அலையாதீங்க, ஆஸ்பத்திரிச் செலவுக்கு இத வச்சுக்கங்க" என்பார். அங்கே, "ஏன் கோடு கச்சேரி எண்டு அலையிறியள், சமாதானமாப் போவம்" என்பார். நீட்டுகிற கையில் உண்மையான இரக்கமும் இருக்கலாம். ஆனால் காயம்பட்டவர் மயக்கம் தெளியாமல் கிடக்கும்போது, அவர் வீட்டார் கையெழுத்துப் போடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் அடுத்த பல ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. அந்த இடத்தில் வக்கீல் செய்யும் முதல் உதவி, கையெழுத்துப் போடாமல் தடுப்பது.

தடுக்க வேண்டிய இன்னொரு கையெழுத்தும் இந்தியச் சட்டத்தில் உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வந்த 164ஆம் பிரிவு, யார் மீது தவறு என்று பார்க்காமலே இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் தருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தத் தொகையைச் சட்டம் சொல்லும் சமரச முறையில் ஏற்றுக்கொண்டால் 166ஆம் பிரிவில் போட்ட மனு செல்லாமல் போய்விடும். ஐந்து லட்சம் எப்போது போதும், எப்போது போதாது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

போட்டுப் பார்ப்போம். இறந்தவருக்கு வயது 32. கொப்பரைக் களத்தில் வேலை. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் ஆகிய நால்வர் அவர் வருமானத்தில் வாழ்ந்தார்கள். மாதம் 15,000 ரூபாய் என்று நிரூபித்துவிட்டால், 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்ட வேண்டும்: 21,000. ஆண்டுக்கு 2,52,000. நால்வர் சார்ந்திருப்பதால், அவர் சொந்தச் செலவுக்குக் கால்பங்கு கழித்தால் 1,89,000. 2009இல் சரளா வர்மா வழக்கில் வகுத்த அட்டவணைப்படி 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கும் எண் 16. மொத்தம் 30,24,000 ரூபாய். இதே மனிதருக்கு வருமானத்தை நிரூபிக்க முடியாமல் தீர்ப்பாயம் தோராயமாக 10,000 என்று எடுத்துக்கொண்டால் தொகை 20,16,000. மாதம் ஐயாயிரம் ரூபாய்க்குக் காகிதம் இல்லாததால் அந்தக் குடும்பம் 10 லட்சத்துக்கு மேல் இழக்கிறது. நீதிமன்றத்தில் உரத்துப் பேசும் வக்கீலைவிட, விபத்து நடந்த அடுத்த மாதமே களத்துக்குப் போய்க் கூலி நோட்டைத் தேடும் வக்கீல்தான் அந்தப் பத்து லட்சத்தை மீட்கிறார்.

உயிர் பிழைத்தவர் வழக்கு இன்னும் நுட்பமானது. தேங்காய் உரிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். நட்டுவைத்த கடப்பாரையில் காயைக் குத்தித் திருப்பி ஆயிரம் காய்க்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர். வலது மணிக்கட்டு நொறுங்கிப் பிடிமானம் போய்விட்டது. மருத்துவக் குழு 30 சதவீத ஊனம் என்று சான்று தரலாம். ஆனால் அந்த வேலைக்கு அவர் இனி நூறு சதவீதம் உதவமாட்டார். 2010இல் ராஜ் குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் தெளிவாக்கியது: உடலின் ஊன சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு, இரண்டாவதைத்தான் தீர்ப்பாயம் மதிப்பிட வேண்டும். டாக்டரைச் சாட்சியாக அழைத்து, இந்தக் கை இந்த வேலையைச் செய்யுமா என்று கேட்டுப் பதிவு செய்யாத வக்கீல் சான்றிதழில் உள்ள முப்பதோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

இலங்கையில் இப்படி ஓர் அட்டவணை கையில் இல்லை. எதிர்கால வருமான இழப்பைச் சட்டத்தரணி சாட்சியத்தால் கட்டியெழுப்ப வேண்டும். நீதிபதி தம் மதிப்பீட்டில் ஒரு தொகைக்கு வருவார். துக்கத்துக்கு விலை உண்டா என்ற கேள்வியில் அந்த நாடு பட்ட பாடு தனிக் கதை. ஒரு சிறுமியின் மரணம் தொடர்பாக அவள் தந்தை, மருத்துவர் ஒருவர் மீது போட்ட வழக்கில், மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் நட்டஈடு விதித்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. காரணத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்றது. பிள்ளையின் அன்பையும் தோழமையையும் இழந்த வேதனைக்கு அக்குவிலிய வழக்கில் பணம் கேட்க முடியாது என்றும் சொன்னது. மாட்டின் சந்தை விலையில் பிறந்த சட்டத்துக்குப் பெற்றோரின் அழுகை கேட்கவில்லை. அந்த ஊமைத்தனத்தை நீக்க 2019இல் நாடாளுமன்றம், ஒருவரின் மரணத்துக்காக நட்டஈடு பெறுவதற்கென்றே 2ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. வீதி விபத்தில் பிள்ளையை இழந்தவரும் அதன் கீழ் கேட்கலாம். இத்தனை ஆண்டு தாமதத்தை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. இந்தியாவில் பிரணய் சேத்தி தீர்ப்பும் அதைத் தொடர்ந்தவையும் துணையை இழந்த மனைவிக்கும், பெற்றோரை இழந்த பிள்ளைக்கும், பிள்ளையை இழந்த பெற்றோருக்கும் தலைக்கு 40,000 ரூபாய் என்று தொடங்கி மூன்றாண்டுக்கு ஒருமுறை பத்து சதவீதம் கூட்டச் சொல்லின. சிறு தொகைதான். ஆனால் கேட்கும் உரிமையைப் பற்றி யாரும் வாதாட வேண்டியதில்லை.

வழக்குப் போடும் கெடு விஷயத்தில் மட்டும் இலங்கை தாராளம். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் இரண்டு ஆண்டு கொடுக்கிறது. இந்தியாவில் 1994இல் நீக்கிய ஆறு மாதக் கெடு 2022 ஏப்ரல் முதல் திரும்ப வந்துவிட்டது. அதை எதிர்த்து வழக்குகள் தொடுக்கப்பட்டிருக்கின்றன. இருந்தாலும் அவற்றை நம்பித் தேதியை விடாதீர்கள். எலும்பு கூடவே ஆறு மாதம் ஆகலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவருக்காக வெளியே ஒருவர் எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்று, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, இன்சூரன்ஸ் பாலிசி என்று ஓடியாக வேண்டும்.

இனிக் கூலி. வக்கீலின் கூலியைச் சொல்கிறேன். விபத்து வழக்கில் "கிடைக்கிறதில் இத்தனை பங்கு" என்று பேசும் வழக்கம் இங்கே இருப்பதை எல்லோரும் அறிவார்கள். இந்திய பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், விபத்தில் கணவரை இழந்த தெலங்கானாப் பெண் ஒருவரிடம் வக்கீல் இழப்பீட்டில் சதவீதம் கேட்டு வாங்கிய காசோலை திரும்பியதை வைத்து நடந்த வழக்கை ரத்து செய்து, அப்படிப் பங்கு கேட்பது சட்டத்துக்கும் தொழில் நெறிக்கும் விரோதம் என்றது. இலங்கையில் வேறு கஷ்டம். நாம் வாய்தா என்பதை அவர்கள் தவணை என்கிறார்கள். தவணைக்குத் தவணை காசு கொடுக்க வேண்டியிருப்பதால், நீளும் வழக்கைக் கூலித் தொழிலாளி பாதியில் விட்டுவிடுகிறார். இரு நாட்டிலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 1978 முதல் அங்கே சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. இங்கே 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமும் பேசலாம். அந்த நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு இல்லை என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போக வேண்டும்.

தீர்ப்பு வந்த பிறகும் வேலை இருக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகம் இழப்பீடு கட்டாமல் இழுத்தடித்து, கோவையிலோ திருப்பூரிலோ நீதிமன்ற ஊழியர்கள் பேருந்தை ஜப்தி செய்து கோர்ட்டு வளாகத்தில் நிறுத்தும் செய்தியை நாம் படித்துப் பழகிவிட்டோம். அந்த ஒவ்வொரு பேருந்துக்குப் பின்னாலும் நிறைவேற்று மனுப் போட்ட ஒரு வக்கீலும் காத்திருந்த ஒரு வீடும் இருக்கின்றன.

கூலி நோட்டுக்கு வருகிறேன். களத்துக்காரர் பலர் அதைக் கொடுக்கத் தயங்குவார்கள். சம்பளச் சான்று கொடுத்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று ஆள் வந்துவிடுவார்களோ என்ற பயம். நல்லவர்தான், ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிப்போனவர்தான், காகிதம் என்றதும் ஒதுங்குகிறார். வக்கீல் அங்கே போய், தேங்காய்த் தொட்டிக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து, "அய்யா, உங்ககிட்ட பத்து வருசமா வேலை பார்த்த ஆளுங்க. வாரம் எவ்வளவு குடுத்தீங்கன்னு ஒருக்கா வந்து சொல்லுங்க, அது போதும்" என்று கேட்க வேண்டியிருக்கிறது. அவர் அட்டை கிழிந்த நோட்டை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வந்து, கூண்டில் ஏறி, அந்தப் பெயருக்கு நேராகத் தன் கையால் எழுதிய எண்களைப் படிக்கும் அன்றைக்குத்தான் வழக்கு நகர்கிறது.