எருமையின் வாலும் ஊமையின் கண்ணீரும்

தன் மொழி கடவுள் தந்தது என்று சொல்லிக்கொள்ளாத இனம் உலகத்தில் அபூர்வம். நாமே அதற்கு நல்ல உதாரணம். சிவபெருமானின் உடுக்கையில் பிறந்தது தமிழ் என்கிறோம். பொதிய மலையில் அகத்தியர் அதற்கு இலக்கணம் செய்தார் என்கிறோம். முதற் சங்கத்தில் சிவனும் முருகனும் புலவர்களோடு புலவர்களாக உட்கார்ந்திருந்ததாக இறையனார் களவியலின் உரை சொல்வதைக் கேட்டு, நாத்திகம் பேசுகிற தமிழனுக்குக்கூட உள்ளூர ஒரு பெருமிதம் ஏற்படத்தான் செய்கிறது.

அமெரிக்காவின் தென்மேற்கே, அரிஸோனாவும் நியூ மெக்ஸிகோவும் சேருகிற வறண்ட பூமியில், நவஹோ என்ற இந்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். 'புனித மக்கள்' என்று அவர்கள் வழிபடுகிற ஆதி தேவதைகள் கொடுத்த வாக்கு அது. சொல்லுக்கு உலகத்தை உண்டாக்கும் சக்தி உண்டு. சரியாகச் சொன்னால் நோய் தீரும், பிசகிச் சொன்னால் கேடு விளையும் என்பது அவர்கள் நம்பிக்கை. நம்மிடையே வேதத்தையும் மந்திரத்தையும் பற்றி இருந்துவருகிற நம்பிக்கைக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

இப்படி நம்புவதில் குற்றம் ஒன்றும் இல்லை. தாய் பேசியது தெய்வம் பேசியதாகத் தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. தெய்வத்திடம் பிறந்தது என்ற ஒரே காரணத்தால் ஒரு மொழி பிழைத்துக்கொள்ளுமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி அரிஸோனாவுக்குப் போகவேண்டியதில்லை. கோயமுத்தூர்க்காரர்கள் வடக்கே தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும். அங்கே நீலமாகத் தெரிகிற மலையின்மேல், சுமார் இரண்டாயிரம் பேர் பேசுகிற ஒரு மொழி இருக்கிறது. அந்த மொழியின் பாட்டுகள் ஒரு பெரிய புத்தகமாகவும் வந்திருக்கின்றன. நான் பேச எடுத்துக்கொண்டது அந்தப் புத்தகத்தைப்பற்றித்தான்.

எமனோ என்ற கனடா நாட்டுப் பேராசிரியர் 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டு எழுதிக்கொண்டார். அப்போது சேர்த்த தோடர் பாட்டுகளை 'தோடா ஸாங்ஸ்' என்ற பெயரில் 1971-ல் ஆக்ஸ்போர்டில் அச்சிட்டார். இடையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. பர்ரோவும் அவரும் சேர்ந்து 1961-ல் வெளியிட்ட திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியை அறிந்தவர்களுக்கு அவர் பெயர் புதிதல்ல. இன்னொரு சுவாரஸ்யமான விஷயம்: எமனோ மொழியியல் பயின்ற ஆசிரியர்களில் எட்வர்டு சபீர் ஒருவர். அந்தச் சபீர்தான் நவஹோ மக்களிடம் போய் உட்கார்ந்து, அவர்கள் சொன்ன கதைகளை எழுதிக்கொண்டவர். ஒரே ஆசிரியரின் வித்தை ஒரு பக்கம் அரிஸோனாவிலும் மறு பக்கம் உதகமண்டலத்திலும் வேலை செய்திருக்கிறது.

தோடர் மொழி தமிழின் கிளைமொழி அல்ல, ஆனால் உடன்பிறந்தது. தங்களை அவர்கள் 'ஓள்' என்கிறார்கள். நம்முடைய 'ஆள்'தான் அது. மகனை 'மொக்' என்கிறார்கள். எருமை அவர்கள் வாயில் ஏறக்குறைய 'இர்' என்று சுருங்கிவிட்டது. ஏறக்குறைய என்று சொல்லக் காரணம், அந்த ஒலிகளை நம் எழுத்தில் அடைக்க முடியாது. நமக்கு ரகரமும் றகரமும் போதும்; அதிலேயே பள்ளிப் பிள்ளைகள் திண்டாடுகிறார்கள். தோடருக்கோ நாக்கை மூன்று வெவ்வேறு இடங்களில் அதிரவைக்கும் மூன்று 'ர'க்கள் உண்டு. பாஸ்கரராவ் முதலிய ஒலியியல் அறிஞர்கள் 1996-ல் இதை அளந்து காட்டி உலகத்துக்குச் சொன்னார்கள்.

இனிப் பாட்டுக்கு வருவோம். தோடர் பாட்டில் தனிச் சொற்றொடர் என்பது கிடையாது. ஒவ்வொன்றும் ஜோடியாகத்தான் வரும். பெரும்பாலும் மூன்று அசையுள்ள ஒரு கூறு. உடனே அதே அளவில், அதே இலக்கண வடிவில், ஒத்த பொருளில் மற்றொரு கூறு. எருமைக்கு, ஊருக்கு, பால்மனைக்கு, குலத்துக்கு, பிள்ளைப் பேற்றுக்கு, சாவுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் முன்னோர் வகுத்துவைத்த ஜோடிகள் இருக்கின்றன. அந்த ஜோடிகளைக்கொண்டுதான் பாட வேண்டும். இப்படிப் பாடுவதற்குத் தனியாகப் புலவர் கூட்டம் இல்லை. தோடராய்ப் பிறந்த யாரும் பாட்டுக் கட்டலாம்; பெரும்பாலோர் கட்டவும் செய்தார்கள் என்கிறார் எமனோ. இழவு வீட்டிலும் பாட்டு; எருமையைப் புகழ்ந்தும் பாட்டு; ஊரறிந்த காதல் விவகாரத்துக்கும் பாட்டு.

நம் காலத்து எழுத்தாளனுக்கு இது முதலில் எரிச்சலைத் தரும். எல்லாம் ஏற்கெனவே சொல்லிவைத்த சொல்லானால் கவிஞன் எதற்கு என்று கேட்பான். நாம்தான் 'புதுமை புதுமை' என்று அலைகிறவர்களாயிற்றே! ஆனால் நிதானமாகப் படித்தால் அங்கே கலை எங்கே இருக்கிறது என்பது விளங்குகிறது. தேர்ந்தெடுப்பில் இருக்கிறது. நூறு ஜோடிகளில் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, எதற்குப்பின் எதை வைப்பது என்பதுதான் பாடகனின் திறமை. இறந்துபோனவனின் எருமைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு அவன் குழந்தையைப்பற்றி வாயே திறக்காமல் ஒருவன் பாட்டை நிறுத்தினானானால், கேட்பவர்களுக்கு அந்த மௌனம் புரியும். வார்த்தைகள் பொதுச் சொத்தாக இருப்பதனால்தான் மௌனம் தனிச் சொத்தாகிறது. நம் ஒப்பாரிக்காரிகளுக்கு இந்த ரகசியம் தெரியும். நாவலாசிரியர்களில் சிலருக்கே தெரியும்.

புத்தகத்தின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். ஏறக்குறைய ஆயிரம் பக்கம். ஒவ்வொரு பாட்டுக்கும் அது யாரைப்பற்றி, எந்தச் சந்தர்ப்பத்தில் என்று மிகுந்த நேர்மையோடு விளக்கம் எழுதியிருக்கிறார் எமனோ. ஆனால் அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒரு கணக்குப்பிள்ளையின் மொழிபெயர்ப்பு. பிசகு இருக்காது, பாட்டும் இருக்காது. மலையில் இரண்டு கால் வைத்து நடக்கிற ஜோடி, ஆங்கிலத்தில் சொன்னதையே சொல்லித் திக்குகிற மாதிரி ஆகிவிடுகிறது. தொடர்ந்து பத்துப் பாட்டுப் படித்தால் அலுப்புத் தட்டும். நாளைக்கு ஒன்றாக, விளக்கத்தை முதலில் படித்துவிட்டுப் பிறகு பாட்டைப் படிப்பதுதான் இந்தப் புத்தகத்தைப் படிக்கும் வழி. அதோடு இது பண்டிதர்களுக்காகப் பண்டிதர் ஒருவர் செய்த நூல். எந்த ஜனங்களின் வாயிலிருந்து வந்ததோ அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கையில் எடுத்துப் படிக்கிற மாதிரி இல்லை. இதற்கு எமனோவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் எழுதிவைத்திராவிட்டால் குறை சொல்லக்கூட நமக்கு ஒன்றும் இருந்திராது.

தோடர்களின் வாக்கில் பாட்டு ஒரு பாதிதான். மறு பாதி பிரார்த்தனை. அதைப்பற்றி அறிய ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1906-ல் வெளியிட்ட 'தி டோடாஸ்' என்ற நூலைப் பார்க்கவேண்டும். முதலில் எருமைகள் பூமியிலிருந்து வந்தன. கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு முதல் தோடன் வந்தான் என்ற சிருஷ்டிக் கதையை அவர் கேட்டு எழுதியிருக்கிறார். மனிதன் மகுடம் சூடி வரவில்லை. வாலைப் பிடித்துக்கொண்டு வந்தான்! இவ்வளவு அடக்கமான சிருஷ்டிக் கதையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அந்த எருமைகளின் பால் கடைகிற இடம்தான் அவர்களுக்குக் கோயில். பால்மனைப் பூசாரி சொல்லும் பிரார்த்தனையின் முற்பகுதி முழுவதும் பெயர்கள். மலைக்கும் ஓடைக்கும் கல்லுக்கும் பட்டிக்கும் பாத்திரத்துக்கும் வழக்கத்தில் உள்ள பெயர் வேறு, பிரார்த்தனைப் பெயர் வேறு. 'குவர்ஸம்' என்று அதற்குப் பெயர். அவற்றையெல்லாம் வரிசையாகச் சொன்ன பிறகுதான், எருமைக்கு நோய் வரக்கூடாது, புலி வரக்கூடாது, புல் தழைக்கவேண்டும், நீர் பெருகவேண்டும் என்ற வேண்டுதல் வருகிறது. அதையும் பிறர் காதில் சொல் பிரிந்து விழாதபடி தொண்டைக்குள்ளேயே சொல்வார்கள் என்று ரிவர்ஸ் குறிக்கிறார்.

ஆக, ஒரே மொழியில் இரண்டு நிலைகள். தொண்டைக்குள் சொல்லும் ரகசியம் ஒன்று. வாய்விட்டுப் பாடும் பாட்டு ஒன்று. முன்னதுதான் அதிகப் புனிதம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எது முதலில் போயிற்று தெரியுமா? புனிதம்தான். எல்லாவற்றுக்கும் மேலான புனிதம் வாய்ந்ததாக ரிவர்ஸ் விவரிக்கிற பால்மனைகள் இன்று நடப்பில் இல்லை. அங்கே மட்டும் வழங்கிய சொற்களுக்கு இனி வாய் இல்லை. பூசாரி இல்லாத கோயிலுக்கு விளக்குப் போட யாராவது வரலாம். பூசாரி இல்லாத சொல்லை உச்சரிக்க யார் வருவார்கள்? மலையின் புல்வெளிகளில் தேயிலையும் தைலமரமும் சீகை மரமும் ஏறின. புல் குறைந்தது, எருமை குறைந்தது. எருமையின் வாலைப் பிடித்து வந்த மொழி, எருமை போகும்போது எதைப் பிடித்துக்கொள்ளும்? தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் மிகக் கடுமையான அபாயத்தில் உள்ளவை என்று யுனெஸ்கோ வகைப்படுத்தியிருக்கிறது.

நவஹோ கதையும் இதைத்தான் சொல்கிறது. சர்க்கார் விடுதிப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய பிள்ளைகளைத் தண்டித்தார்கள். பிறகு இரண்டாம் உலக யுத்தத்தில், 1942 முதல், ஜப்பானியர் கண்டுபிடிக்க முடியாத ரகசியச் செய்திகளை அனுப்ப அதே மொழியைக் கெஞ்சி வாங்கிக்கொண்டார்கள்! வாயில் சோப்பும் மார்பில் பதக்கமுமாக ஒரு மொழிக்கு நேர்ந்த விசித்திர வாழ்வு அது. ஆனால் பதக்கம் அதைக் காப்பாற்றவில்லை. 1966-ல் ரஃப் ராக் என்ற ஊரில், நவஹோக்களே நிர்வகித்து, தங்கள் மொழியிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பள்ளி ஒன்று திறந்தார்கள். காப்பாற்றுவது என்றால் அப்படி ஏதாவது செய்வதுதான்.

இதைப் படிக்கும் கொங்கு நாட்டு வாசகர், 'பாவம், மலை ஜனங்கள்!' என்று பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மூடிவிடக்கூடாது. 1868-ல் தனியாகப் பிரிக்கும்வரை நீலகிரி கோயமுத்தூர் ஜில்லாவோடு சேர்ந்திருந்தது. ஜில்லா பிரிந்தது; விதி பிரியவில்லை. ஒறம்பரை, நோம்பி, வட்டல், கட்டுத்தாரை என்ற சொற்கள் நம் பிள்ளைகளின் வாயில் எத்தனை இருக்கின்றன? மாடு போன வீட்டில் கட்டுத்தாரை என்ற சொல் எதற்கு? காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டை மனை போட்டு விற்றால், கொழுக்கட்டைப்புல் என்ற பெயரையும் சேர்த்துத்தான் பத்திரம் எழுதிக் கொடுக்கிறோம். ஆர். சண்முகசுந்தரம் 1942-ல் 'நாகம்மா'ளில் இந்தப் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்தார். பிரண்டா பெக் என்ற அம்மையார் 1965-ல் அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டுக்காரர் வாயிலிருந்து ஒலிநாடாவில் பிடித்தார். இரண்டும் பெரிய காரியங்கள். ஆனாலும் நாவலும் நாடாவும் ஊறுகாய்தான். மாங்காய் மரத்தில் காய்க்கவேண்டும்.

தமிழ் பதினாயிரங்கோடி ஆண்டு வாழும் என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு, இறையனார் களவியலின் கதையையே நினைவூட்டுவேன். பாண்டிய நாட்டில் பன்னிரண்டு வருஷம் பஞ்சம். புலவர்கள் சிதறினார்கள். பஞ்சம் தீர்ந்து அரசன் தேடியபோது பொருள் இலக்கணம் தெரிந்தவர் ஒருவரும் அகப்படவில்லை. தெய்வம் உட்கார்ந்து வளர்த்த மொழியிலேயே ஒரு பங்கு மறைந்துபோய்விட்டது! சிவபெருமான் இரங்கி, அறுபது சூத்திரம் எழுதிப் பீடத்தின்கீழ் வைத்தார். அதோடு கதை முடியவில்லை. தெய்வம் எழுதியதற்கு எது மெய்யுரை என்று தெரியவில்லை. பண்டிதர்கள் சண்டையிட்டார்கள். கடைசியில் தீர்ப்புச் சொன்னவன் உருத்திரசன்மன் என்ற ஊமைப் பிள்ளை; வயசு ஐந்து. நக்கீரர் உரையைக் கேட்டபோது அவன் கண்ணில் நீர் வந்தது, மயிர் சிலிர்த்தது. அதுவே தீர்ப்பு.

இந்தக் கதையைக் கட்டியவன் மொழியின் சங்கதி முழுவதும் அறிந்தவன். சூத்திரத்தைத் தெய்வம் எழுதலாம். கேட்டுக் கண் கலங்க ஒரு குழந்தை வேண்டும். தோடர் பாட்டுகளை எமனோ ஆயிரம் பக்கத்தில் எழுதிப் பீடத்தின்கீழ் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மலைமேல் இன்னமும் பாட்டுக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மந்துகளில் பிறக்கும் குழந்தைக்கு அதைக் கேட்கப் பொழுது கொடுக்கிறோமா, அல்லது உதகமண்டலத்துக் கடைத்தெருவில் தமிழும் இங்கிலீஷும் பேசினால்தான் சோறு என்று சொல்லி அனுப்புகிறோமா என்பதில்தான் மிச்சக் கதை இருக்கிறது. நம் வீட்டுக் குழந்தைக்கும் அதே கேள்விதான்.