அம்மா கடைக்குப் போய்

சனிக்கிழமை சாயங்காலம் செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் படிக்க வருவார்கள். மூணாவது, நாலாவது வகுப்பு. நான் ஆசிரியன் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒருநாள் பயிற்சிப் புத்தகத்திலிருந்து ‘தொடரை நிறைவு செய்க’ பகுதியைக் கொடுத்தேன். ‘அம்மா கடைக்குப் போய் ______.’ ஆறு பேர் ‘காய் வாங்கினார்’ என்றே எழுதியிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் ‘இன்னும் வரல’ என்று எழுதியிருந்தாள். நான் ‘வரல’வை அடித்து ‘வரவில்லை’ என்று திருத்தினேன். “தப்பா அங்கிள்?” என்றாள். “ஆமா” என்று சொல்லிவிட்டேன்.

அந்த ‘ஆமா’ சரியா என்பதுதான் இங்கே கேள்வி.

முழு வாக்கியத்துக்கு எழுவாயும் வினையும் வேண்டும் என்று ஆங்கில வகுப்பில் மனப்பாடம் செய்தோம். அதே அளவுகோலைத் தமிழ் வகுப்புக்கும் தூக்கி வந்துவிடுகிறோம். ‘இவன் என் தம்பி’ என்பதில் வினையே இல்லை, ஆனால் அது முழு வாக்கியம். ‘வந்துட்டேன்’ ஒரே சொல்தான். வந்தது யார் என்பது அதன் விகுதியிலேயே இருக்கிறது. ‘நேற்று தாம்பரம் ஸ்டேஷனில் மழையில் நனைந்து நின்ற’ என்பதில் ஆறு சொற்கள் இருந்தும் வாக்கியம் முடியவில்லை. நீளத்துக்கும் நிறைவுக்கும் சம்பந்தமில்லை.

தமிழ் இலக்கணம் இதை எச்சம், முற்று என்று பிரிக்கிறது. ‘போய்’ ஒரு வினைக்காகக் காத்திருக்கிறது, ‘போன’ ஒரு பெயருக்காக. ‘போனாள்’ எதற்கும் காத்திருப்பதில்லை. ஓலைச்சுவடியில் முற்றுப்புள்ளி கிடையாது. அந்த வேலையைப் பெரும்பாலும் வினைமுற்றே பார்த்துக்கொண்டது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்குப் பெயரே எச்சவியல். அங்கே சொல்லப்படும் எச்சங்கள் 10. பெயரெச்சம், வினையெச்சத்தோடு குறிப்பெச்சமும் அந்தப் பட்டியலில் உண்டு. மிச்சம் வைத்த பேச்சை அந்த நூல் குற்றமாகப் பார்க்கவில்லை, அது எதைக் கொண்டு முடியும் என்று பார்க்கிறது.

பிள்ளைகளிடம் இதைச் சோதித்தேன். ‘அம்மா கடைக்குப் போய்’ என்று நிறுத்தினேன். “போய் என்ன பண்ணாங்க?” என்றார்கள். ‘கடைக்குப் போன’ என்றேன். “யாரு?” ‘அம்மா கடைக்குப் போனாங்க’ என்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. இலக்கணம் அவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தாளில் இறக்குவதுதான் நம் வேலை.

தமிழக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்தது. பிள்ளைக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவது என்ற அந்த யோசனை எனக்குப் பிடிக்கும். வாக்கியத்துக்கும் அதுவே பொருந்தும்.

நான் அங்கேதான் சறுக்கினேன். ‘வரல’ ஒரு முற்று. அதை ‘வரவில்லை’ ஆக்குவது எழுத்து வழக்குப் பாடம், வாக்கியத்தை நிறைவு செய்யும் பாடமல்ல. இரண்டையும் ஒரே சிவப்புப் பேனாவால் திருத்தினால், தன் வாக்கியமே தப்பு என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை அவளும் ‘காய் வாங்கினார்’ என்று எழுதிவிடுவாள். அந்த ஆறு பேரில் எத்தனை பேர் வீட்டில் “அம்மா வாங்கினார்” என்று பேசுகிறார்கள்? புத்தகம் எதிர்பார்ப்பதை ஊகித்து எழுதியிருந்தார்கள், நான் டிக் போட்டேன்.

அதற்காக எச்சமே போதும் என்று சொல்ல வரவில்லை. 2021இல் தாம்பரம் மாநகராட்சியானபோது எங்கள் செம்பாக்கமும் அதற்குள் வந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்று அங்கே மனுக் கொடுக்க முடிந்த வாக்கியம் வேண்டும். இணையத்தில் எழுதும் நமக்கும் இது பொருந்தும். வரிக்கு வரி மூன்று புள்ளி வைத்துவிட்டு அதை ஆழம் என்று நம்புகிறோம். நானும் செய்திருக்கிறேன். யோசனை முடியாத இடத்தில்தான் அந்தப் புள்ளிகளை வைத்தேன். 2017இல் வேளச்சேரியில் காலமான அசோகமித்திரனை வாசித்துப் பாருங்கள். எளிய, முடிந்த வாக்கியங்கள். சொல்லாமல் விட்டது அவற்றுக்கு உள்ளே இருக்கிறது. வாக்கியத்தை முடிக்கத் தெரிந்தவர் மிச்சம் வைப்பதும், முடிக்க முடியாதவர் பாதியில் விடுவதும் ஒன்றல்ல.

அடுத்த சனிக்கிழமை அவள் நோட்டை வாங்கி ‘வரல’வுக்குப் பக்கத்தில் டிக் போட்டேன். “பேசறப்போ வரல, பரீட்சையில வரவில்லை. ரெண்டுமே முழுசுதான். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றேன்.

“அப்போ அடிச்சத அழிச்சிருங்க அங்கிள்.”

நான் பேனாவில் அடித்திருந்தேன்.