கொளுஞ்சியின் உபகாரம்

வண்டி வண்டியாக எருவை விலைகொடுத்து வாங்கிக் கொட்டும் சக்தியில்லாத ஒருவன், மணலும் சரளையுமாய்க் கிடக்கும் தன் கொல்லையில் நாலு கத்தரியும் வெண்டையும் காய்க்கக் காண வேண்டுமென்று ஆசைப்படுவானாகில், அவன் முதலில் நாட வேண்டியது, பாழ்நிலங்களில் ஒருவரும் விதைக்காமலே ஊதாப் பூப் பூத்து நிற்கும் கொளுஞ்சிச் செடியைத்தான் என்பது என் திடமான அபிப்பிராயம். ஆடு மாடுகள் அதைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. ஆகையால் வேலிச் செலவும் மிச்சம். விதையின் தோல் கடினமானது. மணலோடு சேர்த்துத் தேய்த்துக் கீறல் உண்டாக்கி விதைத்தால் நன்றாக முளைக்கும்.

வேரோடு ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் சிறு சிறு முண்டுகள் தென்படும். அவற்றில் வாசம் செய்யும், கண்ணுக்குப் புலப்படாத ஜீவாணுக்கள் ஆகாயத்திலுள்ள நைட்ரஜனைக் கிரகித்துச் செடிக்கு ஆகாரமாக்கித் தருகின்றன என்பதையும், யூரியா மூட்டைக்கு நாம் பணம் கொடுப்பதும் அந்த நைட்ரஜனுக்காகவே என்பதையும் எண்ணும்போது, இந்த எளிய பூண்டின்மீது எனக்குப் பக்தியே உண்டாகிறது.

பூக்கும் பருவத்தில், தண்டு முற்றி நாராவதற்குமுன், மண்வெட்டியால் கொத்தி மண்ணுக்குள் மடக்கி, ஈரம் காயாமல் நீர் விட்டுவர வேண்டும். அது மக்குவதற்குள் அவசரப்பட்டு நாற்று நடுவது நன்றன்று. ஓரத்தில் சில செடிகளை நெற்று முற்றும்வரை விட்டுவைத்தால், அடுத்த வருஷத்து விதைக்கும் அலைய வேண்டியதில்லை.