முதலில் சீருடையா, ஜெர்சியா?

அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியிலோ, அன்னாபொலிஸ் கடற்படை அகாடமியிலோ, கொலராடோ ஸ்பிரிங்ஸ் விமானப்படை அகாடமியிலோ இடம் கிடைத்த மாணவர் படிப்புக்கென்று கட்டணம் கட்ட வேண்டியதில்லை. நான்கு ஆண்டுப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அரசின் பொறுப்பு. மாதாமாதம் ஊதியமும் உண்டு. பதிலுக்கு அவர் ஒரு வாக்குக் கொடுக்கிறார்: பட்டம் வாங்கியதும் குறைந்தது 5 ஆண்டுகள் அதிகாரியாகப் படையில் பணிபுரிய வேண்டும்.

சிக்கல் மைதானத்தில் தொடங்குகிறது. இந்த மூன்று அகாடமிகளும் கல்லூரி விளையாட்டின் மேல்தட்டில் ஆடுகின்றன. அங்கே அவ்வப்போது அபாரமான ஆட்டக்காரர் ஒருவர் உருவாகிவிடுகிறார். பட்டம் வாங்கும் 22 வயதில் தொழில்முறை அணி அவரைக் கூப்பிடுகிறது. அமெரிக்கக் கால்பந்தில் பலருடைய ஆட்ட வாழ்க்கை மூன்று நான்கு பருவங்களிலேயே முடிந்துவிடுகிறது. ஐந்து ஆண்டு கழித்து வருகிறேன் என்று சொன்னால் காத்திருக்க எந்த அணிக்கும் மனம் வராது. படைப் பணியைத் தள்ளிவைத்து அவரை முதலில் ஆட விடலாமா என்ற கேள்வி அங்கே முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தீராமல் கிடக்கிறது.

பழைய பதிலில் தயக்கமே இல்லை. வெஸ்ட் பாயிண்டின் டாக் பிளான்சர்ட் 1945இலும், அவருடைய கூட்டாளி கிளென் டேவிஸ் 1946இலும் கல்லூரிக் கால்பந்தின் உச்ச விருதான ஹெய்ஸ்மன் கோப்பையை வென்றார்கள். விடுப்பு எடுத்துத் தொழில்முறையாக ஆட அனுமதி கேட்டபோது ராணுவம் மறுத்தது. பணிக்காலம் முடிந்தபின் டேவிஸ் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியில் சிறிது காலம் ஆடினார். பிளான்சர்ட் போர் விமானியானார். தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் கர்னலாக ஓய்வு பெற்றார்.

பணிதான் முதலில் என்று வாதிடுவோர் தவறாமல் எடுத்துக்காட்டும் பெயர் ரோஜர் ஸ்டாபாக். கடற்படை அகாடமியில் படிக்கும்போதே 1963இல் ஹெய்ஸ்மன் வென்றவர். தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1964இல் டல்லாஸ் கௌபாய்ஸ் அவரைப் பத்தாவது சுற்றில்தான் எடுத்தது. திறமையில் குறை கண்டு அல்ல, அவர் வர ஆண்டுகள் பிடிக்கும் என்று தெரிந்ததால்தான். 1965இல் பட்டம் பெற்ற அவர் நான்கு ஆண்டு பணிபுரிந்தார். அதில் ஓராண்டு வியட்நாமில், வழங்கல் பிரிவில். அங்கிருந்தபடியே அணிக்கு எழுதிப் பந்துகளை வரவழைத்து, ஓய்வு நேரத்தில் எறிந்து பழகினார். விடுப்பு கிடைத்தபோது அணியின் பயிற்சி முகாமுக்குப் போய் நின்றார். 27 வயதில் புதுமுகமாகக் களம் இறங்கியவர் இரண்டு சூப்பர் பவுல் பட்டங்களை வென்று, புகழ்க்கூடத்தில் இடம்பிடித்தார்.

அருமையான வரலாறுதான். ஆனால் இதை விதியாக்க முடியுமா? ஸ்டாபாக் ஆடிய குவார்ட்டர்பேக் இடத்தில் முப்பது வயதைத் தாண்டியும் மிளிர முடியும். அவருக்காகக் காத்திருக்க ஓர் அணியும் தயாராக இருந்தது. இரண்டும் இல்லாதவரின் கதை வேறு.

பேஸ்பாலில் பந்து எறிபவரான மிட்ச் ஹாரிஸ் அப்படிப்பட்டவர். கடற்படை அகாடமியிலிருந்து 2008இல் வெளிவந்த அவரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி தேர்ந்தெடுத்தது. பணியைத் தள்ளிவைக்கக் கேட்ட அனுமதி கிடைக்கவில்லை. கப்பலேறினார், கிடைத்த ஆளோடு மேல்தளத்திலேயே பந்து எறிந்து பழகினார். ஆடும் கப்பல் தளத்தில் முழு வேகத்தில் எறிய முடியுமா? ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது அவர் கையில் பழைய வேகம் இல்லை. கீழ்மட்ட லீகுகளில், தன்னைவிட ஐந்தாறு வயது இளையவர்களோடு, முதலிலிருந்து தொடங்கினார். 2015 ஏப்ரலில், 29 வயதில், மேஜர் லீகில் அடியெடுத்து வைத்தார். கடற்படை அகாடமியில் பட்டம் பெற்ற ஒருவர் அந்த மேடைக்கு வந்தது 1921க்குப் பிறகு அதுவே முதல் முறை. ஹாரிஸின் உறுதியைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆனால் இடையில் 94 ஆண்டுகள் ஒருவர்கூட வரவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். வென்று திரும்பியவர்களின் பெயர்தான் பத்திரிகையில் வருகிறது. தோள் இறுகிப் போய் வீட்டுக்குப் போனவர்களை யாரும் எண்ணுவதில்லை.

இந்த மறுப்பை ஏற்றுக்கொண்டாலும், எதிர்ப்பக்கத்தில் வலுவான சான்றுகள் இருக்கின்றன. விமானப்படை அகாடமியின் சாட் ஹென்னிங்ஸ், ஏ-10 விமானத்தில் வடக்கு ஈராக்கின் மேல் பறந்துவிட்டு 1992இல் டல்லாஸ் அணிக்கு வந்தார். மூன்று சூப்பர் பவுல் வென்றார். வெஸ்ட் பாயிண்டின் அலெஹாண்ட்ரோ வில்லனுவேவா ஆப்கானிஸ்தானுக்கு மூன்று முறை போய்வந்தவர், வீரப் பதக்கம் பெற்றவர். அதன்பின் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் தாக்குதல் வரிசையில் நிலைத்து, 2017, 2018 ஆண்டுகளில் நட்சத்திர ஆட்டமான ப்ரோ பவுலுக்குத் தேர்வானார். வலிமையும் உயரமும் தேவைப்படும் இடங்களில் தாமதம் அவ்வளவாகக் கெடுப்பதில்லை என்று இவர்களைப் பார்த்தால் தோன்றுகிறது. விளையாட்டுக்கு விளையாட்டு, இடத்துக்கு இடம் நட்டக் கணக்கு மாறுகிறது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைத்த எந்த ஆணையும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இரண்டு தரப்பும் தமக்குச் சாதகமாக இழுத்துக்கொள்ளும் பெயர் கூடைப்பந்து வீரர் டேவிட் ராபின்சன். கடற்படை அகாடமியில் சேர்ந்த பிறகும் அவர் வளர்ந்துகொண்டே போனார். 7 அடி 1 அங்குலத்தில்தான் நின்றது. கப்பல் வழிகளுக்கும் விமான அறைக்கும் அந்த உடம்பு பொருந்தாது. இரண்டாம் ஆண்டு முடிவில் எந்தக் கடப்பாடும் இல்லாமல் வேறு கல்லூரிக்கு மாறிவிட அவருக்கு உரிமை இருந்தது. மாறவில்லை. 1987இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது. கடற்படை அவருடைய கட்டாயப் பணியை 2 ஆண்டாகக் குறைத்து, ஜார்ஜியா மாநிலத்தின் கிங்ஸ் பே நீர்மூழ்கித் தளத்தில் கட்டுமானப் பிரிவில் போட்டது. ஸ்பர்ஸ் காத்திருந்தது. அவர் வருவதற்கு முந்தைய பருவத்தில் 21 ஆட்டங்கள் மட்டுமே வென்ற அணி, அவர் வந்த பருவத்தில் 56 வென்றது. படை இரண்டு ஆண்டு பெற்றது, அணி ஒரு மாபெரும் வீரரைப் பெற்றது. ஏமாந்தவர் என்று யாரையும் சொல்ல முடியாது. இந்தச் சர்ச்சையின் முழு வரலாற்றிலும் இதுவே மிக நேர்த்தியான ஏற்பாடு.

அதே காலத்தில் கடற்படை அகாடமியின் கால்பந்து வீரர் நெப்போலியன் மெக்கல்லம் இன்னொரு வழியில் போனார். அவர் பணிபுரிந்த கப்பலின் தாய்த்துறைமுகம் லாங் பீச். அவரை எடுத்த ரெய்டர்ஸ் அணி பக்கத்திலிருந்த லாஸ் ஏஞ்சலிஸில். 1986 பருவம் முழுக்கப் பணியையும் ஆட்டத்தையும் சேர்த்தே சமாளித்தார். அனுமதித்தவர் கடற்படைச் செயலர் ஜான் லேமன். 1987இல் அந்த நாற்காலிக்கு ஜேம்ஸ் வெப் வந்ததும் அனுமதி போயிற்று. ஆட்டக்காரர் அதேபோல் ஆடினார், கப்பலும் அதே துறையில்தான் நின்றது. ஆள் மாறியதும் விதி மாறிவிட்டது.

இந்த வழக்கத்தின் மிகப் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. சலுகை தரலாமா என்ற விவாதத்தில் ஆழ்ந்து போகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கடந்த இருபது ஆண்டுகளைப் பார்த்தால் போதும். ஈராக் போர் நடந்த, படைக்கு ஆள் சேர்ப்பதில் ராணுவம் இலக்கைத் தவறவிட்ட 2005இல், ஒரு புதிய திட்டம் வந்தது: தொழில்முறை அணிக்குத் தேர்வான வெஸ்ட் பாயிண்ட் பட்டதாரி, ஆடிக்கொண்டே ஆள்சேர்ப்பு வேலையில் 2 ஆண்டு பணிபுரியலாம், மீதியை ரிசர்வ் படையில் கழிக்கலாம். அதை நம்பித்தான் 2008இல் கேலப் கேம்ப்பெல் டிராஃப்டில் நின்றார். டெட்ராய்ட் லயன்ஸ் அவரை ஏழாவது சுற்றில் எடுத்தது. வெஸ்ட் பாயிண்ட் மாணவர்கள் ஆரவாரம் செய்தார்கள், தொலைக்காட்சி கொண்டாடியது. ஜூலையில், பயிற்சி முகாம் தொடங்குவதற்கு முந்தைய நாள், ராணுவத்திலிருந்து செய்தி வந்தது: திட்டம் திரும்பப் பெறப்பட்டது, பணிக்குப் போக வேண்டும். கேம்ப்பெல் போனார். 2010இல் அணிக்குத் திரும்பி, ஒரு சில ஆட்டங்களே ஆடினார். திட்டத்தை ரத்து செய்ததில் நியாயம் இருக்கலாம். முகாமுக்கு முந்தைய நாள் ரத்து செய்ததில் துளியும் நியாயம் இல்லை.

அதன்பிறகும் ஊசலாட்டம் நிற்கவில்லை. 2016இல் பாதுகாப்புச் செயலர் ஆஷ் கார்ட்டர் அனுமதித்தார். கடற்படை குவார்ட்டர்பேக் கீனன் ரெனால்ட்ஸுக்கு அந்தச் செய்தி பட்டமளிப்பு நாளிலேயே கிடைத்தது. 2017இல் அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த ஜேம்ஸ் மேட்டிஸ் அதை ரத்து செய்தார். விமானப்படை அகாடமியின் ஜேலன் ராபினெட்டுக்கு டிராஃப்ட் நடந்த வாரத்திலேயே கதவு அடைபட்டது. எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. 2019இல் அதிபர் டிரம்ப் உத்தரவிட, அப்போதைய பாதுகாப்புச் செயலர் மார்க் எஸ்பர் மறுபடி கதவைத் திறந்தார். 2022 டிசம்பரில் நாடாளுமன்றமே சட்டம் போட்டு, பட்டம் பெற்றதும் நேராக அணிக்குப் போகும் வழியை மூடியது.

இந்த இடுக்கில் சிக்கியவர் நோவா சாங். 2019இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் நான்காவது சுற்றில் எடுத்த கடற்படைப் பந்து எறிபவர். புதிய ஆணை அதே ஆண்டு நவம்பரில் வந்தது. அதற்குள் அவர் பட்டம் வாங்கி அதிகாரியாகிவிட்டார். விமானப் பயிற்சிக்குப் போனார். 2023இல் ரிசர்வ் படைக்கு மாற்றம் கிடைக்கும்வரை போட்டிகளில் பந்து எறியவே இல்லை.

தள்ளிவைப்பை ஆதரிப்போர் விளம்பரத்தை முன்வைக்கிறார்கள்: ஒரு வீரர் தொலைக்காட்சியில் தோன்றினால் படைக்கு நல்ல பெயர், ஆள் சேர உதவும். இந்த வாதம் பலவீனமானது. மைதானத்தில் ஒருவர் அடிக்கும் புள்ளிகளைப் பார்த்து இத்தனை பேர் படையில் சேர்ந்தார்கள் என்று யாரும் கணக்குக் காட்ட முடியாது. ஸ்டாபாக்கும் ராபின்சனும் படைக்குப் பெருமை சேர்த்தார்கள் என்றால், அவர்கள் சீருடை அணிந்து பணிபுரிந்துவிட்டு வந்தார்கள் என்பதே காரணம். அகாடமிக் கால்பந்துப் பயிற்சியாளர்களுக்கு நல்ல ஆட்டக்காரர்களை ஈர்க்கச் சலுகை உதவும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நிறுவனங்கள் இருப்பது அதற்காக அல்ல.

எதிர்ப்போரின் வாதம் கனமானது. அகாடமியில் ஓர் இடம் ஒருவருக்குக் கிடைத்தால், அதை நம்பியிருந்த இன்னொருவருக்கு இல்லை. ஒரே வகுப்பில் படித்தவர்களில் ஒருவர் படைக்குழுவோடு போர்முனைக்குப் போக, இன்னொருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது நெருடத்தான் செய்யும். என்றாலும் தள்ளிவைத்தவர்கள் எல்லோரும் தப்பித்து ஓடுகிறவர்கள் என்ற பேச்சு அவதூறு. கடற்படை அகாடமியின் மால்கம் பெர்ரி 2020இல் மயாமி அணிக்குத் தேர்வாகி ஆடினார். 2022இல், இன்னும் வாய்ப்பு இருக்கும்போதே, ஆட்டத்தை விட்டுவிட்டு மெரைன் அதிகாரியாகப் போனார். யாரும் அவரை இழுத்துப் போகவில்லை.

ஆக, சீருடை முதலில் என்பதே சரியான வரிசை. ராபின்சனுக்குக் கொடுத்த 2 ஆண்டு நல்ல அளவு. மீதியை ரிசர்வில் ஈடுகட்டலாம். மெக்கல்லமுக்கோ, நியூ இங்கிலாந்து அணியில் ஆடிக்கொண்டே பக்கத்து நியூபோர்ட் கடற்படைத் தளத்தில் பணிபுரிந்த ஜோ கார்டோனாவுக்கோ அமைந்த இரட்டை வழி அழகாக இருந்தாலும், அது ஊர் அமைப்பு தந்த அதிர்ஷ்டம். அதை விதியாக்கினால், ஓர் அதிகாரி எங்கே பணிபுரிவது என்பதைக் கால்பந்து டிராஃப்ட் முடிவு செய்யும் நிலை வரும்.

அதைவிட முக்கியம், விதி எந்த நாளில் உறுதியாகிறது என்பது. அகாடமி மாணவருக்கு மூன்றாம் ஆண்டு தொடங்கும்வரை விலகிப்போக வழி உண்டு. அதைத் தாண்டினால் பணிக் கடப்பாடு கழுத்தில் விழுகிறது. அன்று அவர் கையெழுத்திடும்போது என்ன விதி இருந்ததோ, அதுவே அவர் பட்டம் வாங்கும் நாளிலும் இருக்க வேண்டும். 2022 சட்டம் முதலில் இதைக்கூட மதிக்கவில்லை. வெஸ்ட் பாயிண்டின் ஆன்ட்ரே கார்ட்டர், பழைய விதியை நம்பி நான்காம் ஆண்டுவரை வந்தவர், டிராஃப்டுக்குச் சில மாதங்களே இருக்கையில் நடுத்தெருவில் நிறுத்தப்பட்டார். எதிர்ப்பு எழுந்த பிறகே, 2021 ஜூன் 1க்கு முன்பு சேர்ந்தவர்களுக்கு விலக்கு என்று அதே மாதத்தில் இன்னொரு மசோதாவில் சேர்த்தார்கள். 2023இல் அவரை எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவில்லை. மினசோட்டா வைக்கிங்ஸ் தனி ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டது. அந்த விலக்குத் தேதியைச் சட்டத்தின் முதல் வரைவிலேயே எழுதியிருந்தால் அவர் அந்தக் குளிர்காலத்தைப் பயிற்சியில் மட்டும் செலவிட்டிருக்கலாம்.