குடியேற்றம் என்னும் சொல்லும் அமெரிக்க விடுதலைப் போரும்

அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றித் தமிழில் எழுதப்பெற்ற வரலாற்று நூல்களைப் பயில்வார்க்குக் 'குடியேற்ற நாடு' என்னும் தொடர் அடிக்கடி எதிர்ப்படும். 1776ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் பிரிட்டனின் ஆட்சியினின்றும் விலகியதாக அறிவித்த பதின்மூன்று நாடுகளும் அப்பெயரால் வழங்கப்படுகின்றன. 1947 வரை அப்பிரிட்டனுக்கே ஆட்பட்டிருந்த இந்தியாவும் அப்பெயர் பெறுகின்றது. ஒரு சொல் பல பொருள் குறித்தல் மொழிக்குப் புதிதன்று. ஆயின் ஈண்டு அச்சொல் இருவேறு நிலைகளைக் குறிப்பதோடு நில்லாது, அவை ஒன்றே என்னும் மயக்கத்தையும் விளைக்கின்றது. இம்மயக்கத்தை விளக்கப் போடிநாயக்கனூரினும் தக்க சான்று பிறிதில்லை எனக் கருதுகின்றோம். அவ்வூர் படையால் கொள்ளப்பட்ட பாளையம். அதற்கு மேலுள்ள ஏலமலையோ மக்கள் பலமுறை குடியேறிய நிலம். இரு பொருளும் ஒரே சரிவில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன.

முதற்கண் சொல்லை நோக்குவோம். 'குடி' என்பது பழந்தமிழில் ஓரிடத்தே நிலைத்து வாழும் மக்களையும் அவர்தம் வழிமரபையும் குறிக்கும். பட்டினப்பாலை கரிகாலனைப் பாராட்டுங்கால், அவன் காடழித்து நாடாக்கியமையையும், குளம் தோண்டியமையையும், குடிகளை நிலைபெறச் செய்தமையையும் கூறுகின்றது. அக்காட்டில் முன்னர் வாழ்ந்தார் யாவர் என்பது ஆண்டுக் கூறப்படவில்லை. புகழ வந்த புலவரிடம் அவ்விடையை எதிர்பார்த்தல் பொருந்தாது; ஆயினும் 'குடியேற்றம்' என்ற சொல்லில் இன்றும் அவ்வினா எழாமைக்கு இம்மரபும் ஒரு காரணம் ஆகலாம். ஆங்கிலத்துக் 'காலனி' என்னும் சொல்லும் இலத்தீனில் உழவனைக் குறிக்கும் சொல்லின் வழிப் பிறந்ததே. இன்று தேயிலைத் தோட்டத்தைக் குறிக்கும் 'பிளாண்டேசன்' என்பது பதினேழாம் நூற்றாண்டில் மக்களை ஒரு நிலத்தில் கொண்டு நடுதலையே, அஃதாவது குடியேற்றத்தையே குறித்தது. ரோட் ஐலண்டு என்னும் அமெரிக்க மாநிலத்தின் முழுப்பெயரில் அச்சொல் 2020 வரை நின்று, பின்னர் மக்கள் வாக்கெடுப்பால் நீக்கப்பட்டது.

இனி, அப்போரில் பொருதோர் யாவர்? பிரிட்டனிலிருந்து சென்று குடியேறியோரும் அவர்தம் வழியினரும் ஒருபுறம். அவர்களை அனுப்பிய நாட்டின் அரசு மறுபுறம். தம் பேராளர் இல்லாத மன்றம் தம்மீது வரி விதித்தலை அவர்கள் எதிர்த்தனர். இது பலரும் அறிந்த காரணம். 1763இல் பிரிட்டிஷ் மன்னர் விடுத்த ஆணை அப்பலேச்சிய மலைத்தொடர்க்கு மேற்கே குடியேறுதலைத் தடுத்தமையும் ஒரு காரணமாம். இதனை நம் பாட நூல்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஜெபர்சன் வரைந்த விடுதலை அறிக்கை மன்னர்மேல் சாட்டும் குற்றங்களுள், புதிய நிலங்களைப் பெறுவதற்குத் தடை செய்தார் என்பது ஒன்று. எல்லைப்புறத்துப் பழங்குடியினரைத் தம்மேல் ஏவினார் என்பதும் இறுதியில் இடம்பெறுகின்றது. அடிமை வாணிகத்தைக் கண்டித்து ஜெபர்சன் எழுதிய பகுதியோ பேரவையாரால் நீக்கப்பட்டது. அந்நாளில் அந்நாடுகளில் வாழ்ந்த ஏறத்தாழ 25 இலட்சம் மக்களுள் ஐந்தில் ஒரு பங்கினர் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

புறப்பொருள் வெண்பாமாலை வகுத்த முறையால் கூறுவதாயின், மண்கொள்ளச் செல்வார் வஞ்சி சூடுவர். தம் மண் காக்க எதிரூன்றுவார் காஞ்சி சூடுவர். அமெரிக்கக் குடியேறியோர் கிழக்கு நோக்கிக் காஞ்சி சூடியவர். மேற்கு நோக்கி வஞ்சி சூடியவர். இரு பூவும் ஒரு தலையில் இருந்தமையே அப்போரின் இயல்பு. 'குடியேற்ற நாட்டு விடுதலை' என்று மட்டும் கூறும் நூல் ஒரு பூவையே காண்கின்றது.

அப்போர் போடிநாயக்கனூர்க்கு முற்றும் தொலைவிலுள்ளதன்று. 1773 திசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் எறியப்பட்ட தேயிலை கிழக்கிந்தியக் கும்பினியாரின் சரக்கு. 1778இல் பிரெஞ்சுக்காரர் அமெரிக்கர் பக்கம் சேர்ந்தனர். அதனால் கும்பினியார் 1779இல் மாகியைக் கைப்பற்றினர். 1780இல் ஐதரலி போர் தொடுத்தமைக்கு அதுவும் காரணமாயிற்று. அந்நாளில் போடிப் பாளையத்தை உள்ளடக்கிய திண்டுக்கல் சீமை மைசூரார்க்கு உட்பட்டிருந்தது. பாரிசில் அமெரிக்க விடுதலையைப் பிரிட்டன் ஒப்புக்கொண்ட 1783ஆம் ஆண்டிலேயே கும்பினிப் படை திண்டுக்கல்லைப் பிடித்தது. மறு ஆண்டு மங்களூர் உடன்படிக்கையால் திருப்பிக் கொடுத்தது. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் அமெரிக்கரிடமும் பிரெஞ்சுக்காரரிடமும் தோற்றுச் சரணடைந்த படையின் தலைவர் காரன்வாலிஸ். அவரே 1786இல் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்து, 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்புவிடமிருந்து திண்டுக்கல் சீமையைப் பெற்றார். ஆங்கு ஒரு குடியேற்ற நாட்டை இழந்தவர் ஈங்கு ஓர் ஆட்பட்ட நாட்டைப் பெருக்கினார்.

திண்டுக்கல் சீமையில் விருப்பாட்சிக் கோபால நாயக்கரும் சிவகங்கையில் மருது சகோதரரும் முன்னின்ற 1800-1801ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை முதல் விடுதலைப் போர் என்று கே. இராசய்யன் தம் 1971ஆம் ஆண்டு நூலின் பெயரிலேயே குறித்தார். அப்பெயரை யாம் மறுக்கவில்லை. ஆயின் அதனைக் கொண்டு 1801 சூனில் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்ட சின்ன மருதுவின் அறிக்கையை 1776ஆம் ஆண்டு அறிக்கைக்கு இணையென்பது பொருந்தாது. அமெரிக்க அறிக்கை உலகினரை நோக்கி, மாந்தர் உரிமையை முதலில் நிறுவிப் பின்னரே குற்றங்களை அடுக்குகின்றது. மருதுவின் அறிக்கை சம்புத் தீவின் எல்லாச் சாதியினரையும் முசுலிம்களையும் விளிக்கின்றது, நவாபு ஐரோப்பியர்க்கு இடங்கொடுத்த பேதைமையைச் சுட்டுகின்றது, படைவீரரைக் கலகத்திற்கு அழைக்கின்றது, பழைய அரசர்க்குப் பழைய உரிமை மீளவேண்டும் என்கின்றது, துணைநில்லாதாரைச் சபிக்கின்றது. அதில் உரிமைக் கொள்கையைத் தேடுவார் ஏமாறுவர். ஆயின் அதில் மேற்கு நோக்கிய வஞ்சி இல்லை. அது முழுதும் காஞ்சியே. அதன் பெருமையை அவ்விடத்தில் காணாது, ஜெபர்சனின் நிழலாக அதனைக் காட்டுதல் நாம் நம் பொருளுக்கே செய்யும் குறையாகும்.

இனி மலைமேற் செல்வோம். முதுவர் தம் முன்னோர் மதுரையினின்று வந்தவர் என்றும், அவருள் ஒரு சாரார் போடி வழியே மலையேறினர் என்றும் மரபுச் செய்தி உண்டு. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்றுத் தலைவரிடம் கண்ணன் தேவன் மலைகளின் உரிமையைப் பெற்றார். தோட்டங்கள் பின்னர் எழுந்தன. அவற்றில் உழைக்கத் தமிழ் மக்கள் கீழிருந்து ஏறினர். மலைமேல் விளைந்த தேயிலை கம்பிவழித் தொட்டிகளில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்கு வந்தது. 1950களின் நடுவில் திருவிதாங்கூர்-கொச்சி அரசு மேற்கிலிருந்து உழவரைக் கொணர்ந்து இம்மலையில் நிலமளித்துக் குடியமர்த்தியது. 'பட்டம் காலனி' என்னும் ஊர்ப்பெயர் அதன் அடையாளம். தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் எம்மாநிலத்தன என்னும் வழக்கு அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. 1956 நவம்பரில் அவை கேரளத்தில் அமைந்தன.

இந்நால்வகை ஏற்றத்தையும் தமிழில் 'குடியேற்றம்' என்றே எழுதிவிடலாம். எழுதியபின், நிலத்தை வாங்கியவர் யார், பெற்றவர் யார், இழந்தவர் யார், நிலமே பெறாது கூலி மட்டும் பெற்றவர் யார் என்பவை ஒன்றும் புலப்படா. 'காலனி' என ஒலிபெயர்த்து எழுதினால் இடர் தீரும் என்பாரும் உளர். அச்சொல் தமிழ்நாட்டில் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பைக் குறித்து இழிவு சுமந்தமையால் 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களினின்றும் அதனை நீக்குவதாக அறிவிப்பு வந்தது. ஆகலின் அதுவும் சுமையற்ற சொல்லன்று.

எனவே, அமெரிக்கப் பதின்மூன்று நாடுகளைக் 'குடியேற்ற நாடுகள்' என்றும், இந்தியாவை 'ஆட்பட்ட நாடு' என்றும் வேறுபடுத்தி வழங்குதல் தகும். முதுவர் மலையேறியமைக்குப் 'புலம்பெயர்தல்' என்னும் பழஞ்சொல் பொருந்தும். தோட்டத் தொழிலாளரைக் குடியேறியோர் என்னும் வழக்கை யாம் ஏற்கவில்லை. குடி என்பதற்கு நிலைபேறு வேண்டும். அவர்க்கோ தோட்டத்து வேலை உள்ளவரையே அவ்வீடும் உரியது.