‘வேலை கெடும்’ என்பது பதிலா? ஆர்.டி.ஐ. பிரிவு 7(9) பற்றி ஒரு குறிப்பு

தகவல் உரிமைச் சட்டம் பற்றிப் பேச்செடுத்தால் அரசு அலுவலர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். “இதுக்குப் பதில் எழுதவே நேரம் சரியாப் போகுது, மத்த வேலையை எப்போ பாக்கறது?” இந்தப் புலம்பல் முழுப் பொய் அல்ல. ஆனால் அதே புலம்பல் நிராகரிப்புக் கடிதத்தில் ‘பிரிவு 7(9)-இன்படி’ என்ற வரியாக மாறும்போது, அதைக் கொஞ்சம் நிறுத்தி விசாரிக்க வேண்டியிருக்கிறது.

விசாரிக்கத் தோதான இடம் உத்தனப்பள்ளி. 2023-இல் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளில் சிப்காட் தொழிற்பேட்டைக்கு விளைநிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் நாள்கணக்கில் போராடினார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு விவசாயிக்கு என்ன தெரிய வேண்டியிருக்கும்? என் சர்வே நம்பர் பட்டியலில் இருக்கா? நஞ்சையா, புஞ்சையா, தரிசா, என்னன்னு எழுதியிருக்காங்க? பக்கத்து நிலம் மட்டும் எப்படி விட்டுப்போச்சு? ஏற்கெனவே எடுத்த நிலத்தில் எத்தனை ஏக்கர் சும்மா கிடக்கு? தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புச் சட்டம் 1997-இல், 3(2) அறிவிப்பு வந்ததும் நில உரிமையாளர் தன் ஆட்சேபத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் கெடு ஒரு பக்கம் ஓடும். ஆர்.டி.ஐ. பதிலுக்கான 30 நாள் இன்னொரு பக்கம் ஓடும். இங்கே தாமதம் என்பதே பாதி நிராகரிப்பு.

இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்ப்போம். இந்தப் பகுதி 1965 வரை சேலம் மாவட்டம், 2004 வரை தருமபுரி மாவட்டம், அதற்குப் பிறகு கிருஷ்ணகிரி. ஒரு நிலத்தின் பழைய கதையைத் தேடினால் கட்டு எந்த ஊர் ரெக்கார்டு ரூமில் இருக்கும் என்பதே ஒரு தேடல். பொதுத் தகவல் அலுவலர் என்று தனி ஆள் கிடையாது. ஏற்கெனவே வேறு வேலை பார்ப்பவர் தலையில்தான் இதுவும் விழுகிறது. காரணமில்லாமல் தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அவருடைய சொந்தப் பணம் போகும். ‘கடந்த 20 ஆண்டு கோப்புகள் அனைத்தின் நகல்’ என்று ஒரு மனு வந்தால் அவருக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆர்.டி.ஐ. பேரைச் சொல்லி மிரட்டிக் காசு பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? கேட்ட வடிவத்தில் கொடுப்பது அலுவலகத்தின் ஆள்பலத்தையும் வளத்தையும் அளவுக்கு மீறித் திசைதிருப்பும் என்றாலோ, ஆவணத்துக்கே சேதம் வரும் என்றாலோ தவிர, தகவலைக் கேட்ட வடிவத்தில்தான் தர வேண்டும். 7(9) இவ்வளவுதான். அது பேசுவது வடிவத்தைப் பற்றி. மறுப்பதற்கான காரணங்கள் 8, 9 ஆகிய பிரிவுகளில் இருக்கின்றன. அங்கே ‘வேலைப் பளு’ என்ற ஒன்று இல்லை. 2010-இல் அஞ்சல் துறைத் தேர்வு விடைத்தாள் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: 7(9) தகவலை மறுக்கும் அதிகாரம் தரவில்லை.

இதைவிட வலுவான சாட்சி, அமலுக்கே வராமல் போன ஒரு சட்டத்தில் இருக்கிறது. 2005-க்கு முன்னால் நாடாளுமன்றம் தகவல் சுதந்திரச் சட்டம் 2002 என்று ஒன்றை நிறைவேற்றியிருந்தது. அதன் 9-ஆம் பிரிவில், கேட்கும் தகவலின் அளவு அலுவலக வளத்தை அளவுக்கு மீறித் திசைதிருப்பும் என்றால் மறுக்கலாம் என்று நேரடியாகவே எழுதியிருந்தார்கள். 2005 சட்டம் அதை ரத்து செய்தபோது இந்த மறுப்புக் காரணமும் போய்விட்டது. ‘வளத்தைத் திசைதிருப்புதல்’ என்ற சொற்கள் இன்று வடிவம் பற்றிய பிரிவில் மட்டும்தான் இருக்கின்றன. ஆகவே இன்று 7(9)-ஐக் காட்டித் தகவலை மறுப்பவர், நாடாளுமன்றம் வேண்டாம் என்று நீக்கிய விதியைத்தான் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவருகிறார்.

இதற்குத் துணையாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது 2011-இல் சி.பி.எஸ்.இ. வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு பத்தி. ஊழியர்களில் 75 சதவீதம் பேர் தங்கள் நேரத்தில் 75 சதவீதத்தைத் தகவல் திரட்டவே செலவிடும் நிலைமை நாட்டுக்கு வேண்டாம் என்பது அதன் சாரம். அந்த 75 யாரும் அளந்து சொன்ன எண் அல்ல. ஓர் அச்சத்தைச் சொல்வதற்கான எண். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அதே தீர்ப்பில் மாணவருக்குத் தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை உண்டு என்றுதான் முடிவானது. நிராகரிப்புக் கடிதங்கள் அந்தப் பத்தியை மட்டும் பிய்த்து எடுத்துக்கொள்கின்றன.

அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2014-இல் ராக், சி.இ.எஸ். அமைப்புகள் வெளியிட்ட ஆய்வில், மனுக்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, யாரும் கேட்காமலேயே வெளியிட்டிருக்க வேண்டிய அல்லது மனுதாரருக்குத் தானாகவே சொல்லியிருக்க வேண்டிய தகவல்களைக் கேட்டவை. தொல்லை மனுக்கள் மிகச் சொற்பம். பிரிவு 4, 17 வகைத் தகவல்களைத் தாமாகவே வெளியிடச் சொல்லி, அதற்கு 120 நாள் கெடுவும் கொடுத்திருந்தது. நிலமெடுப்புப் பட்டியலும் வகைப்பாடும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால், அதைக் கேட்டு எத்தனை மனு வரும்? சுமையில் பெரும்பகுதி அலுவலகமே தன் தலையில் ஏற்றிக்கொண்டது.

தடுப்புச்சுவர் கட்டினால் சுமை குறையுமா? ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி செக்போஸ்ட் கடந்தால் கர்நாடகம். அங்கே 2008 முதல் ஒரு மனு ஒரே பொருள் பற்றித்தான் இருக்க வேண்டும், சாதாரணமாக 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது என்று விதி. இப்படி விதித்தால் ஒரு மனுவில் முடிய வேண்டியது அஞ்சு மனுவாகும். பதிவு, அனுப்புகை, மேல்முறையீடு எல்லாம் அஞ்சு மடங்கு.

இங்கேயும் முயற்சி நடந்தது. 2014 செப்டம்பர் 17-இல் சென்னை உயர் நீதிமன்றம், தகவல் கேட்பவர் காரணம் சொல்ல வேண்டும் என்று எழுதியது. காரணம் கேட்கக் கூடாது என்று 6(2) வெளிப்படையாகச் சொல்கிறதே என்று விமர்சனம் கிளம்ப, 23-ஆம் தேதியே நீதிபதிகள் தாமாக முன்வந்து அந்தப் பகுதியை நீக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் பளுவுக்கு அஞ்சினால் எவ்வளவு சீக்கிரம் சட்டத்தின் அடிப்படையையே மறந்துவிடுகிறோம் என்பதற்கு இதுவே சாட்சி.

பிரிட்டனில் செலவு வரம்பு வெளிப்படையாக இருக்கிறது: மத்திய அரசுத் துறைக்கு 600 பவுண்டு, மற்றவற்றுக்கு 450. மணிக்கு 25 பவுண்டு கணக்கில் 24 மணி நேரம், 18 மணி நேரம். கூடவே, மனுவை எப்படிச் சுருக்கலாம் என்று வழிகாட்டும் கடமையும் உண்டு. அந்த வரம்பை நான் இங்கே சிபாரிசு செய்யவில்லை. ஆனால் மறுப்பவர் இத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்குக் காட்ட வேண்டும் என்ற ஒழுங்கு நமக்கும் தேவை. இங்கே ‘வளம் திசைதிரும்பும்’ என்று ஒற்றை வரி எழுதினால் போதும் என்று நினைக்கிறார்கள்.

இருக்கிற சட்டத்திலேயே வழி இருக்கிறது. 5,000 பக்கம் கேட்கிறாரா? பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 10,000 ரூபாய் கட்டச் சொல்லிக் கடிதம் போடலாம். கட்டும்வரை அந்த நாட்கள் 30 நாள் கணக்கில் சேராது. அவ்வளவு வேண்டாம் என்றால் “வந்து கோப்பைப் பாருங்க, வேண்டிய பக்கத்தைக் குறிச்சுக் கொடுங்க” என்று நாள் குறிக்கலாம். கோப்பைப் பார்ப்பதும் 2(ஜே)-இல் உள்ள உரிமைதான். 7(9) சொல்லும் ‘வேறு வடிவம்’ இதுதான். கெடுவைத் தவறவிட்டால் அதே 5,000 பக்கத்தையும் 7(6)-இன்படி இலவசமாகத் தர வேண்டிவரும். அலுவலகத்தின் பளுவைக் கூட்டுவது அந்த மௌனம்தான்.

மனு எழுதுபவர்களுக்கும் ஒன்று. ‘அனைத்துக் கோப்புகளும்’ என்று எழுதாதீர்கள். சர்வே எண், ஆண்டு, ஆவணத்தின் பெயர் மூன்றையும் போடுங்கள். ‘நகலுக்குப் பதிலாக நேரில் பார்வையிடவும் தயார்’ என்று ஒரு வரி சேருங்கள். அப்படி எழுதிய மனுவையும் 7(9) சொல்லித் திருப்பி அனுப்பினால், முதல் மேல்முறையீட்டில் 2002 சட்டத்தின் 9-ஆம் பிரிவைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்: நாடாளுமன்றம் எடுத்துப் போட்ட காரணத்தை நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள்?