சொல்லிசையும் சொல்வளமும்

சொல்லின் எண்ணிக்கையால் பாட்டின் தரத்தை அளப்பது அண்மைக்கால வழக்கம். 2014ஆம் ஆண்டில் மாட் தானியேல்சு என்னும் அமெரிக்கர், ஆங்கிலச் சொல்லிசைப் பாடகர் பலருடைய பாடல்களினின்று முதல் 35,000 சொற்களை எடுத்து, அவற்றுள் வேறுபட்டன எத்தனை என எண்ணினார். ஈசாப் ராக் என்பார்பால் 7,392 காணப்பட்டன. அதே அளவிலான சேக்சுபியர் பகுதியில் 5,170. இம்முறையால் தமிழ்த் திரைப்பாட்டையும் சொல்லிசையையும் ஒப்பிடலாமோ எனின், இயலாது என்பதே எம் கருத்து.

அவர் ஒரு சொல்லின் திரிபுகளையும் தனித்தனியே எண்ணினார். ஆங்கிலத்தில் திரிபுகள் சிலவே. தமிழிலோ 'வா' என்னும் ஒரு பகுதியே வந்தான், வருவாள், வந்தனர், வாராது எனப் பலவாய் விரியும். ஈண்டு எண்ணிக்கை காட்டுவது விகுதியின் பெருக்கமே. பாட்டுக்குப் பாட்டு ஒப்பிடினும் பயனில்லை. பல்லவியை மீட்டும் மீட்டும் பாடும் திரைப்பாட்டில் சொல் குறைவு. எனினும் இருபத்தொன்பது வயதில் மறைந்த பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் அச்சில சொற்களிலேயே உழைப்பாளர் வாழ்வைப் பாடிச் சென்றார்.

2021இல் தீயும் அறிவும் பாடி வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' என்னும் பாட்டை நோக்குக. 'என் சாமி' என்பதன் னகரம், சகரத்தின்முன் ஞகரமாய்த் திரிந்தது 'எஞ்சாமி'. பேரனைக் கொஞ்சும் மூதாட்டி வாயில் 'சாமி' அன்புச்சொல். நிலக்கிழார்முன் கைகட்டி நின்ற உழவுத்தொழிலாளி வாயிலோ அது அச்சச்சொல். அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். நிலம் யாருக்கு உரியது என வினவும் பாட்டில், ஒப்பாரியின் சாயலோடு, அச்சொல் இரு பொருளையும் ஒருங்கே சுமக்கின்றது. எண்ணுவோனுக்கு அது ஒரே சொல்!

ஆங்கிலக் கலப்பை மட்டும் காட்டிச் சொல்லிசையைப் பழிப்பாரும் உளர். சென்னைக்குத் தெற்கே நாவலூரில் (சுந்தரர் தோன்றிய திருநாவலூர் வேறு) கணினி நிறுவனங்களில் பணிபுரிவோர்க்கு 'ஷிப்ட்', 'கேப்' முதலியன அன்றாட வழக்கு. திசைச்சொல்லையும் செய்யுட்கு உரித்தாக்கிய தொல்காப்பியர் வழிநின்றால், அவ்வூர் வாழ்வைப் பாடுவோன் அவற்றை ஆளுதல் குற்றமாகாது. வாழ்வில் வேரின்றிப் பகட்டுக்காக ஒட்டிய சொல்லே குற்றம். அத்தகையன சொல்லிசையில் மிகுதி என்பதையும் மறைத்தற்கில்லை.

யாப்பு நோக்கிலும் ஒரு குறை உண்டு. ஆங்கிலச் சொல்லிசை பெரிதும் ஈற்றியைபை நம்புவது. அதனை அப்படியே பின்பற்றுவோர் '-கிறான்', '-கிறான்' என விகுதியாலேயே இயைபு பெற்றுவிடுகின்றனர். இதற்குப் புலமை வேண்டா. அடிமுதலில் எதுகையும் மோனையும் அமைத்துத் தாளத்தின் விரைவுக்கு ஈடுகொடுப்பதே அரிது. 2019இல் வந்த 'தெருக்குரல்' தொகுப்பு தன் பெயரிலேயே திருக்குறளின் ஒலியைத் தெருவுக்குக் கொணர்ந்தது. செவியறிந்த புலவனின் வேலை அது.

தற்புகழ்ச்சியோ சொல்லிசையின் பெருவழக்கு. நன்னூலார் தற்புகழ்ச்சிக்கு இடம் நான்கு வகுத்தார். அவையில் வெல்லும்பொழுதும், மாற்றான் தன்னைப் பழித்தபொழுதும் அவற்றுள் அடங்கும். சொல்லிசைப் போட்டிக்கு இவ்விரண்டும் நன்கு பொருந்தும். எதிரியும் அவையும் இன்றித் தன்னையே புகழும் பாட்டுகளுக்கு அவ்விலக்கணம் இடந்தரவில்லை. சொற்கள் திரும்பத் திரும்ப வருவதும் அப்பாட்டுகளிலேதான்.